மாடிப்படிக்குக் கீழே ஒரு மியாவ்!

மழை பிடித்துக்கொண்ட இரவுகளில்தான் பெரும்பாலும் அந்தக் குரல் கேட்கும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், மாடிப்படிக்குக் கீழே, இன்னும் சூடு ஆறாத ஸ்கூட்டர் இன்ஜினுக்குப் பக்கத்தில். உடம்பு உள்ளங்கை அளவுதான். குரல் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும். பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். "அப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்பா" என்று கெஞ்சல் தொடங்கும். "ஒரு ராத்திரின்னு ஆரம்பிச்சா ஒரு வருஷம் ஆகும்" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். பாட்டி எதுவும் பேசாமல் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டு வருவார்.

அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பாலில்தான் முதல் சிக்கல். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பல பூனைக்குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வரும், கால் கிலோகூட இல்லாத உடம்பில் நீர் வற்றிப்போக ஒரு நாள் போதும். பூனை என்றாலே பால் என்று கதைகள் நம்மை நம்பவைத்துவிட்டன.

பாலுக்கு முன்னால் பார்க்கவேண்டியது வேறு. தாய் எங்கே? 'பூனை ஏழு வீடு மாறும்' என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஓர் இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால், தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். இரண்டாவது குட்டியைத் தூக்கிப்போன இடைவெளியில் மூன்றாவதை யாரோ 'காப்பாற்றி' எடுத்துப்போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. குட்டி சுத்தமாக, வயிறு நிறைந்து, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். விலகி நின்று சில மணி நேரம் பார்க்கலாம். ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் கிட்டே வராது. குட்டியைச் சுற்றி லேசாக அரிசி மாவைத் தூவிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பாதச்சுவடு காட்டிக்கொடுத்துவிடும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். தாய் வந்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால், குட்டி அழுக்காக, ஈ மொய்த்து, ஜில்லென்று கிடந்தாலோ, ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

எடுத்தாயிற்று என்றால், வயதைக் கணிப்பதுதான் அடுத்த வேலை. கண் திறக்கவில்லையா? பிறந்து ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். கண் திறந்து, தள்ளாடி நடந்து, காது நிமிர்ந்திருந்தால் மூன்று வாரம். வாயைத் திறந்து பார்த்தால் சின்னப் பற்கள் தெரிகின்றன, ஓடுகிறது, தாவுகிறது என்றால் ஒரு மாதம் தாண்டிவிட்டது. சமையலறைத் தராசும் உதவும். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், ஒரு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கும், இரண்டு மாதத்தில் ஒரு கிலோவை ஒட்டி வரும்.

நாலு வாரத்துக்குக் கீழே என்றால் நிஜமாகவே இது இரவுத் தூக்கத்தைப் பறிக்கும் வேலை. முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு. அந்த வயதில் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. உடம்பு ஜில்லிட்ட குட்டிக்கு ஊட்டினால் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஓர் ஓரத்தில் வைத்தால் போதும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறு ஓரம் இருக்க வேண்டும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் பெரிய பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுத்த நிலையில் ஊட்ட வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். தாய் நக்கிச் செய்வதை நாம் பஞ்சால் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு மாதம் தாண்டியதற்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியை எலும்பு நீக்கி உதிர்த்து, அதன் தண்ணீரோடு குழைத்துத் தரலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே சிதைப்பவை. குட்டிகளுக்கான ஈரமான பாக்கெட் உணவு இன்னும் நல்லது. பெயின்ட் டப்பா மூடி அளவு தட்டில் மணல் போட்டு வைத்தால் யாரும் கற்றுக்கொடுக்காமலே தோண்டி, போய், மூடிவைத்துவிடும். பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் துண்டைக் கொடுப்பவர்கள் உண்டு. பூனைக்கு அது விஷம், உயிரே போகும். நாய்க்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தையும் தடவக் கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். அதேபோல, குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ 'சின்னப் பல்லுதானே' என்று விடாமல், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

சரி, குட்டி தேறிவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. இப்போது என்ன?

இங்கேதான் நம் ஊரில் ஒரு பழைய வழக்கம் தலைகாட்டும். சாக்குப் பையில் போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவது. 'அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை' என்று சமாதானம் வேறு. அங்கே ஏற்கெனவே இடம்பிடித்த பெரிய பூனைகளும் தெருநாய்களும் இருக்கும்; லோடு வண்டிகள் வந்துபோகும். அந்தக் கூட்டத்தில் இரண்டு மாதக் குட்டி தாக்குப்பிடிக்காது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு காபி விலைக்கு உயிரை எடை போட்டுவைத்திருக்கிறது சட்டம்.

காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது? சென்னையில் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் முதல் பல ஊர்களின் சிறிய அமைப்புகள் வரை அடிபட்ட விலங்குகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால், ஆரோக்கியமான குட்டிக்குக் காப்பகம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய், பல பூனைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் தடுப்பூசி போடாத குட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிடும். ஒரு வீட்டின் பாத்ரூம் ஓரத்தில் இரண்டு வாரம் இருப்பது அதற்கு எவ்வளவோ மேல். அந்த இரண்டு வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுத்துவிடலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியைத் தொடங்கலாம். தடுப்பூசி அட்டையோடு வரும் குட்டிக்கு வீடு கிடைப்பது எளிது. எட்டு வாரம் ஆகும்வரை கைமாற்றாமல் இருப்பது நல்லது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'இலவசம், வேண்டுவோர் அழைக்கவும்' என்று போட்டால் பத்துப் பேர் அழைப்பார்கள். அந்தப் பத்தில் யார் என்பதுதான் கேள்வி. மகளின் பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸ் என்று கேட்பவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம். பூனை பதினைந்து வருடம் வாழும், சர்ப்ரைஸ் ஒரு வாரம். எலித் தொல்லைக்காகக் குடோனில் விட என்று கேட்பவருக்குக் கண்டிப்பாக வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று கேட்பதில் தவறில்லை. சைவம் சாப்பிடும் வீடு என்றால் இன்னொரு கேள்வி. தயிர் சாதத்திலேயே பூனை வளர்த்த பாட்டிமார் கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தப் பூனை வெளியே எலியும் பல்லியும் பிடித்துச் சமாளித்தது. வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் பூனைக்கு இறைச்சியில் இருக்கும் டாரின் கிடைக்காவிட்டால் பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். பாக்கெட் உணவுக்காவது அந்த வீடு சம்மதிக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பால்கனியைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பது பாதி உண்மைதான். மாடிகளிலிருந்து விழுந்து நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மார்பில் அடி என்பதையும், விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக்கே வரவில்லை என்பதையும் சொல்ல மாட்டார்கள். புறாவுக்காக அடிக்கும் வலையே பூனைக்கும் போதும், இறுக்கமாகக் கட்டியிருந்தால்.

கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் டாக்ஸோபிளாஸ்மா கவலை பெருமளவு குறைந்துவிடும்; மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

ஆள் பிடித்துப்போனால், பஸ் ஸ்டாண்டில் கைமாற்றாமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது உத்தமம். கட்டைப்பையில் வைத்து டூவீலரில் போக வேண்டாம். முதல் ஹார்ன் சத்தத்தில் குதித்துவிடும். மூடியுள்ள, காற்றுப் புகும் பிளாஸ்டிக் கூடையும் கொஞ்சம் பழைய துணியும் போதும். அந்தத் துணியையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும், பழகிய வாசனை அதில் இருக்கும். 'ஒத்துவரலைன்னா எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க, வெளியே விட்டுடாதீங்க' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். புது வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கடியில்தான் குடித்தனம். இழுத்து வெளியே போடாமல், ஒரே அறையில் தட்டும் மணலும் வைத்துவிட்டால் அதுவாகவே வரும்.

குட்டிக்கு வீடு கிடைத்தாலும் அதன் தாய் இன்னும் அதே பார்க்கிங்கில்தான் இருக்கும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும் உடம்பு அது. இரண்டே மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே அடுத்த ஈடு. குடியிருப்பில் நாலு வீடு சேர்ந்து பணம் போட்டால் தாய்க்குக் கருத்தடை செய்துவிடலாம். கொடுத்த குட்டிக்கும் ஐந்தாவது மாதம் முடிவதற்குள் செய்யச் சொல்லி, தேதியைப் புது வீட்டுக்காரரின் போனிலேயே அலாரமாக வைத்துவிட்டு வரலாம்.