கலோரிக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு பங்காளிச் சண்டை

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் கலோரியையும் எண்ண வேண்டுமா, அல்லது வெயிட் வாட்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் வகுத்தளிக்கும் புள்ளிகளை எண்ணினால் போதுமா என்ற வழக்கு ஊட்டச்சத்தியல் துறைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் ஓயாமல் நடந்துவருகிறது. கலோரித் தரப்பு தன்னை அறிவியல் என்று அழைத்துக்கொள்கிறது. புள்ளித் தரப்பு தன்னை நடைமுறை என்கிறது. உண்மையில் இவை ஒரே வீட்டுப் பங்காளிகள். பங்காளிச் சண்டையை ஊரார் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால் சண்டைக்குரிய வரப்பு ஊராரின் நிலத்தின் நடுவே போடப்படும்போது அவ்வாறு இருக்க இயலாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் பெருமாட்டியிலிருந்து நோக்கினால் அந்த வரப்பு எங்கே ஓடுகிறது என்பது தெரியும்.

முதலில் பங்காளிகளின் குலவரலாறு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான் இன்றைய உணவுச் சீட்டுகளின் கணக்கு. புரதத்துக்கு ஒரு கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4. இதை எடைக்குறைப்பு நோன்பாக மாற்றியவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற மருத்துவர். அவருடைய நூல் 1918இல் வெளிவந்தது. ரொட்டித் துண்டு என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லப் பழகுங்கள் என்பதே அவர் வாசகர்களுக்கு விதித்த பயிற்சியின் சாரம். உணவின் பெயர் உரிச்சொல்லாகத் தேய்ந்து, எண் பெயர்ச்சொல்லாக உயர்ந்த இடம் அது.

புள்ளி இதன் மொழிபெயர்ப்பு. 1963இல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 1997இல் புள்ளிமுறையை அறிமுகப்படுத்தியது. அதன் முதல் சூத்திரம் எளியது: கலோரியை 50ஆல் வகுக்க வேண்டும், கொழுப்பின் கிராமை 12ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும், நார்ச்சத்தை 4 கிராமுக்கு மிகாமல் எடுத்து 5ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். ஆக, புள்ளி என்பது கொழுப்பின்மீது அச்சமும் நார்ச்சத்தின்மீது பரிவும் சேர்க்கப்பட்ட கலோரி, அவ்வளவே. 300 மில்லி கோலாப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை, 130 கலோரிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று இட்லியும் ஏறக்குறைய அதே கலோரிதான். அந்தச் சூத்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே எண். உளுந்தும் அரிசியும் இரவெல்லாம் புளித்துப் பெற்ற ஒன்றையும், சர்க்கரைக் கரைசலையும் பிரித்தறியத் தெரியாத இலக்கணத்தை இரண்டு தரப்பாரும் ஒரே நேரத்தில் கையாண்டுவந்தனர்.

பின்னர் இலக்கணம் மாறியது. 2010இல் நிறுவனம் சூத்திரத்தைத் திருத்திப் பழங்களுக்குச் சுழியம் அளித்தது. அதுவரை இரண்டு புள்ளி பெற்ற வாழைப்பழம் ஒரே நாளில் ஒன்றுமில்லாததாயிற்று. 2015இன் திருத்தத்தில் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் தண்டனைக்குரியவை ஆயின. புரதத்துக்குச் சலுகை கிட்டியது. அதன்பின் அதே கோலாவின் மதிப்பு அதே இட்லியைப் போல ஏறக்குறைய இருமடங்கானது. கலோரித் தரப்பார் இதைக் கண்டு நகைக்கின்றனர்: வாழைப்பழத்துக்குச் சுழியமா, வெப்ப இயக்கவியல் விடுமுறையில் சென்றுவிட்டதா என்று. நகைப்பு இங்கே தவறான இடத்தில் விழுகிறது. வாழைப்பழத்தில் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. வாழைப்பழம் தின்று எவரும் பருத்ததில்லை, ஆகவே எண்ணாதீர்கள் என்பதே அந்தச் சுழியத்தின் பொருள். அது ஒரு மதிப்பீடு. புள்ளிமுறையின் நேர்மை, தான் மதிப்பிடுவதை ஒப்புக்கொள்வதில் உள்ளது. அதன் இழிவு, அந்த மதிப்பீடு ஒரு நிறுவனத்தின் சொத்தாக, சந்தா செலுத்துவோருக்கு மட்டும் திறக்கும் பெட்டியாக இருப்பதில் உள்ளது.

எது எடையைக் குறைக்கிறது என்ற கேள்விக்குச் சான்றுகள் உள்ளன. வழக்காடுவோர் அவற்றை வசதிப்படி மேற்கோள் காட்டுவர். 2005இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியான டான்சிங்கர் குழுவின் ஆய்வில் 160 பேர் நான்கு உணவுமுறைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டனர். ஓராண்டின் முடிவில் வெயிட் வாட்சர்ஸ் குழு சராசரியாக 3 கிலோ இழந்தது, மற்றவை 2.1 முதல் 3.3 கிலோ வரை. எந்த முறை என்பதைவிட, எவர் அதைக் கைவிடாமல் பின்பற்றினார் என்பதே எடையிழப்போடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. 2011இல் லான்செட் இதழில் வந்த ஜெப் குழுவின் ஆய்வு ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 772 பேரைக் கொண்டது: வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பப்பட்டோர் 12 மாதங்களில் 5 கிலோ இழந்தனர், மருத்துவரின் வழக்கமான அறிவுரை பெற்றோர் 2.25 கிலோ. புள்ளித் தரப்பார் இதை வெற்றிக்கொடியாக உயர்த்துகின்றனர். ஆனால் அங்கே வென்றது புள்ளியா, வாரந்தோறும் ஒரு கூடத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட பழக்கமா? ஆய்வு அவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. ஐயமிருந்தால் கூடத்தின் பக்கமே சாய்வது நல்லது.

கலோரித் தரப்பின் துல்லியமும் சோதனைக்கு நிற்பதில்லை. 2012இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் நொவோட்னி குழு பாதாம்பருப்பை மனிதர்க்கு ஊட்டி அளந்தபோது, 28 கிராமுக்கு 129 கலோரிதான் உடலில் சேர்ந்தது. அட்வாட்டர் கணக்கு சொல்லியது சுமார் 170. மெல்லப்படாத பருப்பின் சுவர்களை நான்கும் ஒன்பதும் ஊடுருவுவதில்லை. 1992இல் லிச்மன் குழு, எவ்வளவு குறைத்து உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்டோரைச் சோதித்தது. அவர்கள் உண்டதை 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய்யர் அல்லர். எண்ணுதல் மனிதர்க்கு அவ்வளவு கடினம் என்பதே செய்தி.

பெருமாட்டியின் அடுக்களைக்கு இது இன்னும் கடினம். அங்கே அரிசி அளக்கப்படுவது படியாலும் ஆழாக்காலும். எண்ணெய் ஊற்றப்படுவது கையின் பழக்கத்தால். சாம்பாரின் கலோரி அன்று முருங்கைக்காய் கிடைத்ததா, பூசணியா என்பதைப் பொறுத்தது. கலோரியும் சரி, புள்ளியும் சரி, பிழையின்றி எண்ண வல்லது ஒன்றை மட்டுமே: பின்புறம் சீட்டு ஒட்டிய பொட்டலத்தை. ஆகவே எண்ணும் பழக்கம் எண்ணத்தக்க உணவை நோக்கி மெல்ல நகர்த்துகிறது. களியும் கஞ்சியும் ஐயத்துக்குரியவை ஆகின்றன. 90 கலோரி என்று அச்சிட்ட பிஸ்கோத்து நம்பிக்கைக்குரியதாகிறது. 2019இல் கெவின் ஹால் நடத்திய ஆய்வில், முன்வைக்கப்பட்ட சத்துகள் சமமாக இருந்தும், மிகைப்பதப்படுத்திய உணவு அளிக்கப்பட்டபோது மக்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். பொட்டலத்தின் நோயைப் பொட்டலத்தின் சீட்டைக் கொண்டு தீர்க்க முயல்வது எவ்வகை மருத்துவம்?

இந்தியாவில் கலோரிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதை ஊட்டச்சத்தியல் வகுப்புகள் அரைப்பக்கத்தில் கடந்துவிடுகின்றன. இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 1937இல் அய்க்ராய்டால் வெளியிடப்பட்டது குன்னூர் ஆய்வகத்திலிருந்து. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில். அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அங்கே கலோரி எண்ணப்பட்டது பருத்தவருக்காக அன்று, பட்டினி கிடந்தவருக்காக. 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு ஊரகத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்று வரையறுத்து, அதற்குக் கீழே வறுமைக்கோடு இழுத்தது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கூலியாள் தீர்மானித்ததில்லை. இன்று அதே அலகு செயலியாக மாறி நடுத்தர வகுப்பின் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. வேறுபாடு, இப்போது கோட்டை அவரவரே தமக்கு இழுத்துக்கொள்கின்றனர் என்பதுதான்.

இனி பிளாச்சிமடை. பெருமாட்டி ஊராட்சிக்குள் அடங்கிய இச்சிற்றூரில் 2000இல் கொக்கக் கோலாவின் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈராண்டுக்குள் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றின. எஞ்சிய நீர் கடினமாகிக் கசந்தது. அந்நீரில் சமைத்த சோறு விரைவில் கெட்டுப்போகிறது என்று அப்பகுதிப் பெண்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003இல் ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உரம் என்று உழவர்க்கு அளிக்கப்பட்ட ஆலைக் கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதை அதே ஆண்டு பிபிசி வானொலி வெளிக்கொணர்ந்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இருநீதிபதி அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அதற்கு முன்பே, 2004 மார்ச்சில் ஆலை நின்றிருந்தது.

எடைக்குறைப்பு விவாதத்தில் இது எதற்கு என்று கேட்போர் உண்டு. குறிப்பாக, துறை எல்லைகளை வேலியாக நம்புவோர் கேட்பர். அவர்களுக்கு இரண்டு விடைகள். பிளாச்சிமடைக் கிணற்று நீரில் கெட்டுப்போன சோற்றின் கலோரி, அட்டவணைப்படி, நல்ல நீரில் வெந்த சோற்றின் கலோரிக்குச் சமம். உண்ணத் தகாத ஒன்றையும் தக்க ஒன்றையும் சமமாகக் காட்டும் எண், உணவைப் பற்றிய எண் ஆகாது.

இரண்டாம் விடை இன்னும் நேரானது. 2013இல் அதே நிறுவனம் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் வெளியிட்டது: எங்கிருந்து வந்தாலும் எல்லாக் கலோரியும் கணக்கில் சேரும், தன் பானத்தின் கலோரியும் அவற்றுள் ஒன்று என்பது அதன் செய்தி. ஈராண்டு கழித்து, உணவைவிட உடலுழைப்பின்மையே பருமனுக்குக் காரணம் என்ற கருத்தை முன்னிறுத்திய உலகளாவிய ஆற்றல் சமநிலை வலையமைப்பு என்னும் அறிவியலாளர் குழுவுக்கு அந்நிறுவனம் நிதியளித்திருந்ததை 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஆண்டின் முடிவுக்குள் அக்குழு கலைந்தது. எல்லாக் கலோரியும் சமம் என்ற வாய்பாட்டைச் சர்க்கரைப் பானம் விற்போர் இவ்வளவு விரும்பியது தற்செயலா? ‘உள்ளே போவதும் வெளியே போவதும்’ என்று கருத்தரங்கில் ஓதும் பேராசிரியர், தாம் ஓதுவது யாருடைய விளம்பர வாசகம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். சர்க்கரை நீக்கிய பதிப்பு வந்தபின் நிலைமை இன்னும் சுவையானது: கலோரியில் சுழியம், புள்ளியிலும் சுழியம். புட்டிக்காக எடுக்கப்படும் நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்து சுழியம்.

நோயாளிக்கு ஏதேனும் கருவி வேண்டாமா என்ற எதிர்வாதத்தைத் தள்ள இயலாது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களுள் 25.5 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. நாட்டின் அளவு 11.4. இன்சுலின் இட்டுக்கொள்வோர் மாவுச்சத்தை எண்ணித்தான் ஆக வேண்டும். அவர்க்கு இப்பதிவு எதிரியன்று. எண்ணுவதில் எவருக்கேனும் ஊக்கம் கிடைக்குமாயின் எண்ணட்டும். அவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால், சர்க்கரையைச் சர்க்கரை என்று அறியும் திருத்திய புள்ளியே மேல். எனினும் தனியார் புள்ளியின் ஆயுள் நிறுவனத்தின் ஆயுளே. எடைக்குறைப்பு ஊசிமருந்துகள் சந்தையைப் புரட்டியதும், வெயிட் வாட்சர்ஸ் 2023இல் அம்மருந்துகளைப் பரிந்துரைக்கும் நிறுவனம் ஒன்றையே வாங்கியது; 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஆகவே சண்டை நடக்க வேண்டிய இடம் வேறு. 2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் பொட்டலங்களின் முகப்பில் அரை முதல் ஐந்து வரை விண்மீன்கள் இடும் வரைவை வெளியிட்டது. ஆற்றல், சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகியவற்றுக்குக் குற்றப்புள்ளி. நார்ச்சத்து, புரதம், பழம் ஆகியவற்றுக்குக் கழிவு. வெயிட் வாட்சர்ஸின் இலக்கணம் அரசிதழுக்குள் நுழைந்ததே இது. கழிவு என்பதே இம்முறையின் ஓட்டை. ஆஸ்திரேலியாவில் மைலோ மாவு, கொழுப்பு நீக்கிய பாலில் கலந்தால் என்ற கணக்கில், நாலரை விண்மீன் அணிந்திருந்தது; எதிர்ப்பு வலுத்தபின் 2018இல் நெஸ்லே அதைத் தானே கழற்றியது. இலங்கை 2016இல் பானங்களுக்கு வண்ணக்குறி கொணர்ந்தது, ஆனால் சிவப்பின் எல்லையை 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரைக்கு மேல் என்று வைத்ததால், பத்தரை கிராம் கொண்ட பானம் மஞ்சளிலேயே நின்றுகொள்ளலாம். அதே ஆண்டு சிலி நாடு எதையும் கூட்டவுமில்லை, கழிக்கவுமில்லை. சர்க்கரை மிகுந்தால் சர்க்கரை மிகுதி என்று கருப்பு எண்கோணத்தில் எழுத வைத்தது. படிக்கத் தெரிந்த எவருக்கும் அது போதும். செயலியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முகப்புச் சீட்டு குறித்த பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் அளிக்குமாறு நிபுணர் குழுவைப் பணித்தது. விண்மீனா, எச்சரிக்கையா என்பதில் ஊட்டச்சத்தியல் துறைகளும் மொழித்துறைகளும் சொல்ல வேண்டியவை நிறைய உள்ளன. எச்சரிக்கை எந்த மொழியில் எழுதப்படும் என்பது அவற்றுள் ஒன்று. பெருமாட்டியின் பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலத்தில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் அது எச்சரிக்கை ஆகாது, தமிழும் மலையாளமும் அங்கே வேண்டும்.

பிளாச்சிமடையின் இழப்பையும் ஒரு குழு எண்ணியது. கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010இல் நீர், நிலம், பயிர், உடல்நலம் ஆகியவற்றின் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டப்பேரவை 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமல் அது திரும்பி வந்தது.