மூக்கில் உருண்டை, உயிருக்கு உலை

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால், வம்பை விலைக்கு வாங்குவது என்று பொருள். இன்று அதையே நிஜமாக, கடல் கடந்து போய், காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து பெங்களூர் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 234 உயிரினங்கள். மலைப்பாம்புகள், பச்சோந்திகள், இகுவானாக்கள், ஆமைகள், முதலை இனங்கள். கூடவே, மூச்சுத் திணறி இறந்துபோன ஒரு கங்காருக் குட்டி.

இந்த வியாபாரத்தில் அபூர்வமும் விசித்திரமும்தான் விலையை ஏற்றும். அதனால்தான் இலங்கையின் ஈரக் காடுகளில் வாழும் ஓர் அப்பாவிக்கும் ஆபத்து வந்திருக்கிறது. சிங்களத்தில் அதன் பெயர் கரமல் போதிலியா. மூக்கு நுனியில் கோலிக்குண்டு போல ஓர் உருண்டை. தொண்டையில் பளிச்சென்ற மஞ்சள் பை. இலையோடு இலையாக மறையும் பச்சை உடம்பு. 1758-லேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். உலகில் வேறெங்கும் இது இல்லை. தன் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான்.

சிங்கராஜக் காட்டிலும் கண்டியைச் சுற்றியுள்ள மரங்கள் அடர்ந்த வீட்டுத் தோட்டங்களிலும் இதைப் பார்க்கலாம். மண்புழுவும் கரையானும் இதன் உணவு. மரத்தில் வாழ்ந்தாலும் முட்டையிட மண்ணுக்கு இறங்கியாக வேண்டும். நடையோ மகா நிதானம். ஓடத் தெரியாததைப் பிடிப்பவனுக்குத் திறமை எதுவும் தேவையில்லை.

இலங்கைச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் குற்றம். ஆனாலும் ஐரோப்பிய, ஜப்பானியச் செல்லப்பிராணிச் சந்தைகளில் இது விலைபோனது. 'கூண்டில் பிறந்தது' என்று ஒரு காகிதம் இருந்தால் போதும், கேள்வி கேட்பாரில்லை. 2019-ல்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். கொழும்பில் நடக்கவிருந்த அந்த மாநாடு, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டிருந்தது.

இந்தியாவும் விழித்துக்கொண்டது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சர்வதேசப் பட்டியலும் ஓர் அட்டவணையாக இடம்பெற்றது. பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பெங்களூர் பெட்டிகள் பிடிபட்டது, அது அமலுக்கு வந்த ஐந்தே மாதங்களுக்குள். சட்டம் வாசலில் காவல் நிற்கலாம். வாங்குகிறவனின் ஆசையை அதனால் சோதனை போட முடியாது.

மிரட்டினால் இந்த ஓணான் சிவந்த வாயைப் பிளந்து காட்டும். அதற்கும் அசையாவிட்டால் செத்ததுபோல் கிடக்கும். காட்டில் அந்த நடிப்பு உயிரைக் காப்பாற்றும். காற்றில்லாத பெட்டிக்குள் நடிக்கவே அவசியம் இருக்காது.