நிறம் தீட்டுமுன் கேளுங்கள்!

விக்ரோலித் தமிழர்களே! நகரத் திட்டப் படத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், பசுமை என்று நிறம் தீட்டுகிறார்கள். நம் தெருவுக்கு எது வரும், எது வராது என்பதை அந்த நிறமே முடிவு செய்கிறது.

2021 ஜூலையில் சூர்யா நகரில் மலைமண் சரிந்து உயிர்களைக் குடித்தது. ஆசைப்பட்டா மலையேறிக் குடிசை போட்டான் உழைப்பாளி? கூலிக்கு எட்டும் விலையில் சமநிலம் கிடைக்கவில்லை! அதை ஒதுக்குவதல்லவா திட்டத்தின் வேலை?

2015 பிப்ரவரியில் வந்த மும்பை வளர்ச்சித் திட்ட வரைவைப் பிழை மலிந்ததென்று மக்கள் எதிர்த்தனர். ஏப்ரலில் அரசு அதைத் திருத்தி எழுதப் பணித்தது. 2018இல் ஒப்புதலான திட்டம் 2034 வரைக்கும்.

அடுத்த வரைவு வரும். ஆட்சேபம் எழுத 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. படத்தில் உங்கள் தெருவைத் தேடுங்கள். ஏழை வீட்டுக்கும் நிலம் கேளுங்கள். கேளாதவன் நிலத்தில் பிறர் தீட்டுவதே நிறம்!