எல்லைப் படம் யாருக்குச் சொந்தம்?

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள புளியறைக் கிராமம், 1956-ம் வருஷம் அக்டோபர் மாதம் முடிய திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டைத் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு இணைந்ததும், அது நமது எல்லையூராயிற்று. நிலப்படத்தில் ஒரு கோடு நகர்ந்தால் என்ன நேருமென்பதை அவ்வூராருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

2022-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, கேரள சர்க்கார் ‘எண்டே பூமி’ என்ற பெயரால் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கினர். தங்கள் நிலம் அப்பால் சேர்ந்துவிடுமோ என்று தமிழகத்து எல்லைப்புற விவசாயிகளிடையே அப்பொழுது அச்சம் உண்டாயிற்று. அளப்பதைக் குற்றமென்று நாம் கூறோம். அது சர்க்காரின் கடமையே. ஆயினும் எல்லைக்கோடு இருவருக்கும் பொது. அதை ஒருவர் தனித்து அளந்தால் மற்றவர் நம்புவதெங்ஙனம்?

புவியியல் தகவல் முறை என்பது நிலம், நீர், காடு, சாலை முதலிய விவரங்களை அட்சரேகை, தீர்க்கரேகைகளோடு பிணைத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் காட்டும் ஏற்பாடாகும். அதன் பயன் பெரிது. அதை அமுலுக்குக் கொண்டுவருவதிலுள்ள சங்கடமும் சிறிதன்று. நமது பழைய புலப்படங்கள் சங்கிலி பிடித்துப் புலம் புலமாக அளந்து வரையப்பட்டவை. அவற்றை ஒரே படமாக இணைக்கும்போது ஓரிடத்தில் இடைவெளி விழும். வேறோரிடத்தில் ஒரு புலம் மற்றொன்றின்மேல் ஏறும். ரெவினியூ இலாகாவின் கோடும் வன இலாகாவின் கோடும் பொருந்தாவிடில், நடுவே அகப்பட்டுத் தவிப்பவன் குடியானவன். இதைத் தீர்க்க யந்திரம் மாத்திரம் போதாது. பயிற்சி பெற்ற சர்வேயர்களும், எல்லைக்கல்லை நேரில் காட்டக்கூடிய கிராமத்தாரும் வேண்டும்.

இவற்றினும் பெரிய தடை, படம் அதிகாரிகளின் சொத்து என்னும் மனப்பான்மை. 1802-ல் லாம்டன் துரை பரங்கிமலையருகே ஆரம்பித்த அளவை, ஆள்வோரின் தேவைக்காக நடந்தது. அந்நியர் சென்ற பின்னும் பூட்டு நெடுநாள் திறக்கவில்லை. 2005-ம் வருஷத்துக் கொள்கை ராணுவத்துக்கொரு வரிசை, ஜனங்களுக்கொரு வரிசை என்று படங்களைப் பிரித்தது. 2021 பிப்ரவரி 15-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளோ, பொதுப்பணத்தில் திரட்டிய விவரங்கள், ரகசியமானவை நீங்கலாக, இந்தியர்க்கெல்லாம் எளிதில் கிடைக்கவேண்டுமென்று கூறின. அவ்விதிகள் தாலுகா கச்சேரி வரையில் வந்து சேரவேண்டும்.

நாட்டின் பாதுகாப்புக்குரியதை மறைப்பது நியாயமே. குடியானவனின் வரப்பில் என்ன ரகசியம் இருக்கிறது? இரு சர்க்கார்களும் எல்லையைக் கூட்டாக அளந்து, ஒரே படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் இனாமாக வெளியிடவேண்டும். அதை முடிவு செய்யுமுன் கிராமச் சாவடியில் வைத்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும். இதுவே புளியறை போன்ற எல்லையூர்களின் அச்சம் தீரும் வழியென்பது நமது அபிப்பிராயம்.