விடுதிப் பூனையும் விடுமுறை அறமும்

தவணை முடிந்து விடுதிகள் மூடப்படும் நாளில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அறைத் திறப்பு ஒப்படைக்கப்படுகின்றது. கதிரை, மேசை, மின்குமிழ் ஆகியன எண்ணப்படுகின்றன. நூலகத்துக்குத் திருப்பப்படாத நூலுக்குத் தண்டம் அறவிடப்படுகின்றது. ஆயின், அத்தவணை முழுவதும் மாணவர்தம் கையால் உண்டு, அவர்தம் காலடியில் உறங்கி, அவர்களாற் பெயரும் சூட்டப்பெற்ற விடுதிப் பூனைக்கு மட்டும் கணக்கில்லை. மாணவர் ஊர்களுக்குப் புறப்படுகின்றனர். அது மூடிய குசினிக் கதவின் முன் காத்திருக்கின்றது. பேராதனையாயினும் யாழ்ப்பாணமாயினும் வந்தாறுமூலையாயினும் இந்நிலையிற் பெரிய வேறுபாடில்லை.

உணவளித்துப் பழக்கிய உயிரை விடுமுறையின்பொருட்டுக் கைவிடுதல் அறக்கேடு என்பதே இக்கட்டுரையின் துணிபு. பயணத்துக்கு ஆயத்தஞ் செய்யும்போதே அவ்வுயிரின் பராமரிப்புக்கும் ஒழுங்கு செய்தல், உணவளித்தவர் தனித்தோ கூட்டாகவோ ஏற்கவேண்டிய கடமையாகும். இது கருணையுள்ளவர் விரும்பினாற் செய்யும் உபகாரமன்று. முதற்பிடி சோறு இட்டபொழுதே ஏற்றுக்கொண்ட பொறுப்பின் மறுபாதியாகும்.

"பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மலரிற் பூனைக்கு ஓர் இடமா?" என்று நகைப்பார் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் நாம் பட்டிமண்டபங்களில் முழங்குகின்றோம். உணவைப் பகிர்ந்து பல உயிர்களையும் காப்பதனை வள்ளுவர் அறங்களுள் தலையாயதெனக் கொண்டார் என்று விடைத்தாள்களில் எழுதிப் புள்ளி பெறுகின்றோம். இராம காதையைப் பாடப்புகுந்த கம்பன் தன் அவையடக்கத்துக்கு உவமை தேடியபொழுது, பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையையே கண்டான் என்பதனை வியந்து போற்றுகின்றோம். இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பனவெனின், நமது இலக்கியக் கல்வி எதற்கு? பேகன் ஈந்த போர்வையைத் தவணை முடிவில் திரும்பப் பெற்றுக்கொண்டான் என்று எந்தப் புலவனும் பாடியதாகத் தெரியவில்லை.

இக்கடமையினின்று நழுவுவோர் முன்வைக்கும் வாதங்கள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

"பூனை வேட்டை விலங்கு, அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும்" என்பது முதலாவது வாதம். இது பாதி உண்மை. பாதி உண்மையே முழுப் பொய்யினும் கேடு விளைப்பது. மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலந்தொட்டு அவனை அண்டி வாழ்ந்துவரும் விலங்கு பூனை. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதன் ஒருவனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை அகழ்வாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். இத்துணை நெடுங்காலம் மனிதனோடு வாழ்ந்தும் அது வேட்டையை முற்றாக மறந்ததில்லை என்பது மெய்யே. எனினும், ஒரு விடுதியைச் சூழப் பத்துப் பதினைந்து பூனைகள் கூடியிருப்பின், அத்தொகையை நிருணயித்தது அங்குள்ள எலிகளின் தொகையன்று. குசினியின் எச்சிற்சோறும் மாணவர்தம் தட்டுகளுமே. குசினி மூடப்படும் நாளில் அவ்வாதாரம் அற்றுப்போகின்றது. எச்சிலை நாடி வந்த எலிகளும் நாளடைவில் இடம் மாறுகின்றன. பதினைந்து வாய்களுக்குரிய இரை அச்சிறு நிலப்பரப்பில் எங்ஙனம் திடீரெனத் தோன்றும்?

உடலியல் உண்மை ஒன்றும் இங்கு கருதத்தக்கது. பூனை ஊனுணவையே அடிப்படையாகக் கொண்ட விலங்கு. தோறின் என்னும் பொருள் அதன் உணவில் இல்லாதொழியின் கண்ணும் இதயமும் பழுதுறும். அப்பொருள் சோற்றிற் கிடைப்பதில்லை, மீனிலும் இறைச்சியிலுமே கிடைக்கின்றது. சில நாள்கள் முற்றாக உண்ணாதிருப்பின், உடற்கொழுப்பு ஈரலிற் படிந்து உயிருக்கே இடர் விளையலாம். கொழுத்த பூனைக்கு இவ்விடர் மிகுதி. எனவே, தவணைக்காலத்தில் மாணவரின் அன்பால் நன்கு கொழுத்த பூனையே விடுமுறைப் பட்டினியால் முதலில் வீழக்கூடும். அன்பின் அளவே ஆபத்தின் அளவாகின்றது.

இனி, அது வேட்டையாடியே பிழைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். எதனை வேட்டையாடுகின்றது? எலியை மட்டுமன்று, குருவியை, அணிலை, ஓணானை, கூட்டில் இருக்கும் குஞ்சை. உலகின் மிகக் கொடிய அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் வீட்டுப் பூனையும் இடம்பெற்றுள்ளது. பசித்த பூனையை இயற்கையின் பொறுப்பில் விடுவதாகக் கூறுவோர், உண்மையில் வளாகத்துப் பறவைகளின் பொறுப்பில் அதனை விடுகின்றனர்.

"அப்பூனை எவருக்கும் உரியதன்று, ஆதலின் எவருக்கும் பொறுப்பில்லை" என்பது இரண்டாவது வாதம். உரிமையும் பொறுப்பும் ஒன்றெனக் கொண்ட மயக்கமே இவ்வாதத்தின் வேர். உரிமை பற்றுச்சீட்டாற் பிறக்கலாம். பொறுப்போ செயலாற் பிறக்கின்றது. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே குரலால் அழைத்து உணவிட்டவன், அவ்வேளையையும் இடத்தையும் குரலையும் நம்பி வாழும் ஓர் உயிரை உருவாக்கியுள்ளான். பெயரிட்டு அழைத்தபொழுது இல்லாத "எவருடையதுமன்று" என்னும் ஞானம், பயணப்பையைத் தூக்கும்பொழுது மட்டும் எங்கிருந்து உதிக்கின்றது?

சட்டத்தை நோக்கி நிற்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். இந்நாட்டில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில், குடியேற்ற ஆட்சியின்போது இயற்றப்பட்டது. அது விதித்த 100 ரூபா உச்சத் தண்டப்பணம், ரூபாவின் பெறுமதி தேய்ந்து தேய்ந்து போன பின்னரும் பல பத்தாண்டுகளாக மாறாதிருந்தது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டவரைவொன்றை ஆயத்தஞ் செய்தும், அது சட்டமாகாமல் ஆண்டுக்கணக்கிற் கிடந்தது. சட்டம் இத்துணை மெல்ல நடக்குமிடத்து, அறமும் அதன் பின்னே நொண்டிச் செல்லவேண்டும் என்பது கற்றோர் வாதமாகுமா?

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது. "மனிதர் பசித்திருக்கும் நாட்டிற் பூனையின் பசியைப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம்" என்பர். 2022இன் நெருக்கடியை வாழ்ந்து கடந்தவர் எவரும் இதனை எளிதிற் புறந்தள்ளமாட்டார். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அக்காலத்தில் ஒருவேளை உணவைத் தவிர்த்த குடும்பத்தின் பிள்ளைகள் நம் விரிவுரை மண்டபங்களில் இருந்தனர். அவர்களின் தட்டிலிருந்து ஒரு பிடியையேனும் எடுக்குமாறு யாம் கேட்கவில்லை. ஆயின், இவ்வாதத்தைச் சொல்வோர் அதனைச் சொல்லும் வேளையைக் கவனியுங்கள். தவணைக்காலத்திற் பூனையை மடியில் இருத்தி நிழற்படம் எடுக்கும்பொழுது இவ்வாதம் எழுவதில்லை. விடுமுறைக்கு முந்திய நாளில் உண்டியல் நீட்டப்படும்பொழுதே எழுகின்றது. தனக்கு இன்பம் தந்தவரைக்கும் ஓர் உயிரைப் பேணி, இன்பம் நின்றதும் கைவிடும் மனப்பழக்கம் பூனையோடு நிற்பதன்று. முதுமையுற்ற வேலைக்காரியையும் நோயுற்ற தொழிலாளியையும் கைவிடுவதும் அதே பழக்கமே. மனிதனுக்காகப் பரிந்து பேசுவோர் முதலில் எதிர்க்கவேண்டியது அப்பழக்கத்தையே.

நான்காவது வாதம் நிருவாகத்தின் வாயிலிருந்து வருவது: "பூனைகளைப் பிடித்து அகற்றிவிட்டாற் பிரச்சினை தீரும்." சாக்கிற் கட்டிச் சந்தையருகே விட்டுவருவது நம் நாட்டிற் பழகிப்போன வழி. பூனையோ ஆளைவிட இடத்தைப் பற்றி வாழும் விலங்கு. கொண்டுசென்று விடப்பட்டது திரும்பி வர முயன்று வீதியில் அடிபடும். அன்றேல் அறியாத இடத்தில் ஏனைய பூனைகளாலும் நாய்களாலும் துரத்தப்படும். இங்கோ, வெறுமையான இடத்துக்கு, எச்சிற்சோறு உள்ளவரை, வேறு பூனைகள் வந்து சேரும். பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஒரு பெண்பூனை ஆண்டில் இருமுறை மும்முறை ஈனவல்லது. சாக்கு இக்கணக்கை வெல்லாது. கருத்தடைச் சத்திரசிகிச்சையே வெல்லும். நீர்வெறுப்பு நோயைப் பூனையும் பரப்பக்கூடுமாதலின், அதற்கான தடுப்பூசியும் உடன் இடப்படல் வேண்டும். நாட்டின் மிருக வைத்தியர்களைப் பயிற்றும் பீடம் பேராதனை வளாகத்துள்ளேயே இருக்க, அவ்வளாகத்து விடுதிகளேனும் இதற்கு வழியில்லை என்று சொல்லல் ஆகாது.

வாதங்கள் இங்ஙனமாக, ஒழுங்கு செய்தோம் என்று கூறுவோரின் ஒழுங்குகளும் பெரும்பாலும் ஒழுங்குகள் அல்ல. ஒரு வாரத்துக்குரிய உணவை மரத்தடியிற் குவித்துவிட்டுப் போவது ஒன்று. வெளியில் வாழும் பூனையின் உணவுக்குக் காவல் இல்லை. முதல் ஒரு மணி நேரத்துள் காகமும் குரங்கும், இரவாயின் எலியும் நாயும் மரநாயும் அதனை முடித்துவிடும். எஞ்சியதை எறும்பு கொள்ளும். பூனையை ஊருக்கு எடுத்துச் செல்வது மற்றொன்று. கூட்டில் அடைத்து நெடுந்தூரம் பேருந்திற் கொண்டுசென்று, அறியாத முற்றத்தில் விடப்படும் பூனை ஓடி மறைவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. பசுப்பாலை ஊற்றி வைப்பது மூன்றாவது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை, வயிற்றோட்டத்தையே தரும்.

மெய்யான ஒழுங்கு யாது? பூனையை ஆளிடம் கொண்டுசெல்லாது, ஆளைப் பூனையிடம் கொண்டுவருதலே அது. வளாகத்திலோ அயலிலோ தங்கியிருக்கும் ஒருவர் பெயர் குறித்துப் பொறுப்பேற்றல் வேண்டும். அவருக்கு இயலாத நாளில் வரக்கூடிய மற்றொருவரும் வேண்டும். விடுதி மூடப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர், வழக்கமாக உணவிடும் மாணவருடன் கூடநின்று உணவிடவேண்டும். புதிய கையைப் பூனை அறிய அந்நாள்கள் தேவை. நாள்தோறும் பகற்பொழுதில், குறித்த நேரத்தில், பழகிய இடத்தில் இட்டு, உண்டு முடிந்ததும் மிச்சத்தை அகற்றிவிடல் வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் உலர்தீவனம் போதும். அன்றேல், வேகவைத்த மீன்தலையோ நெத்தலியோ பிசைந்த சோறு, மீன் மிகுந்தும் சோறு குறைந்தும். எறும்பைத் தடுக்க, நம் வீடுகளில் உணவு அலுமாரியின் கால்களுக்குச் செய்வதுபோல, தட்டைச் சுற்றி நீர் இருக்கச் செய்யலாம். குடிநீர் இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் நன்று. எத்தனை பூனைகள், எவ்வெந் நிறத்தன, எவை சினையாயுள்ளன, எது வராதுவிட்டால் எவருக்கு அறிவிப்பது என்பன ஒரு தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் அரிய கலையன்று. ஒரு மாலைப்பொழுதின் வேலை.

இவ்விடத்தில் நாம் பேசாது கடந்துவிடக்கூடாத ஒன்றுண்டு. விடுமுறைக்காலத்தில் விடுதிப் பூனைகள் சில உயிர்பிழைத்திருப்பின், அது பெரும்பாலும் காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளரும் தம் சோற்றுப் பொதியிலிருந்து பகிர்ந்து கொடுத்ததனால் ஆகும். அன்பின் புகழ் மாணவருக்கு, அன்பின் செலவு சிற்றூழியருக்கு என்னும் இப்பங்கீட்டை எவ்வாறு நியாயப்படுத்துவது? உழைப்புச் சுரண்டலைப் பற்றி மேடைகளிற் பேசும் நாம், நம் கருணையின் சுமையை நம்மிலும் குறைந்த வசதியுள்ளார் தோளில் ஏற்றிவிட்டு, அவர் பெயரையும் அறியாது பேருந்து ஏறுகின்றோம். "அந்த ஐயா பார்த்துக்கொள்வார்" என்பது ஒழுங்கு அன்று. கேட்காமல் எடுத்த கடன். ஆகவே, பொறுப்பேற்பவர் ஊழியராயின், அவரிடம் முறையாகக் கேட்டு இசைவு பெறல் வேண்டும். உணவுச் செலவு முன்கூட்டியே கொடுக்கப்படல் வேண்டும். அவர்தம் நேரத்துக்கு ஊதியமும் கொடுக்கப்படல் வேண்டும். விடுதியில் வாழும் மாணவருள் 100 பேர் தலைக்கு 100 ரூபா தரின் 10,000 ரூபா சேரும். தவணை முடிவு விருந்துக்கு இதனிலும் கூடுதலாகத் திரட்டுபவர்கள் நாமே.

திடீரென நேரும் மூடலுக்கும் இவ்வொழுங்கே துணையாகும். 2020 மார்ச்சிற் கொள்ளைநோயின்பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது, சில நாள்களுள் ஊரடங்கும் வந்தது. அன்று திரும்பி வர இயலாத மாணவரைக் குறைகூறுவது நேர்மையன்று. ஆயின், ஒவ்வொரு விடுதியிலும் நிலையான பட்டியலும், பொறுப்பாளரும், சிறு நிதியும் முன்பே இருந்திருப்பின், மூடிய வாயிலுக்கு உள்ளே இருந்த ஒருவர் உணவிட்டிருத்தல் கூடும். நெருக்கடிக் காலத்தில் உதவுவது நெருக்கடிக்கு முன்னர் செய்த ஒழுங்கே.

எனவே, ஒவ்வொரு விடுதி மாணவர் குழுவும் தவணைத் தொடக்கத்திலேயே பூனைகளைக் கணக்கிட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்து, விடுமுறைப் பராமரிப்பு நிதியொன்றை நிறுவுதல் வேண்டும். விடுதி அதிபர்கள் சாக்கைக் கைவிட்டு, விடுமுறையில் உணவிடுபவர் வளாகத்துள் நுழைவதற்கு எழுத்தில் அனுமதி வழங்குதல் வேண்டும். வளாகக் குடியிருப்புகளில் வாழ்ந்து, ஏப்பிரல் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் செல்லும் விரிவுரையாளர்களும் தம் முற்றத்துப் பூனையின்பொருட்டு இவ்வாறே செய்யக் கடமைப்பட்டவர்கள். இவற்றுக்கு இசையாதவர் எவரேனும் உளராயின், அவருக்கு ஒரு நேரிய வழி திறந்தேயுள்ளது: அடுத்த தவணையின் முதல் நாளில் அப்பூனை அவரைத் தேடி வரும்பொழுது, அவர் அதற்கு உணவிடாதிருக்கலாம், பெயரிடாதிருக்கலாம். உணவிட்டாராயின், விடுதி மூடப்படும் நாளிற் கதிரைக்கும் திறப்புக்கும் கொடுக்கும் கணக்கை அதற்கும் கொடுக்கட்டும்.