மெய்க்கீர்த்தியை ஒட்டுப்போடாதீர்

வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி நம் மணிமங்கலத்திலும் உண்டு, கருவூரிலும் உண்டு. இரண்டையும் 1899இல் ஹுல்ஷ் பதிப்பித்தார். இவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரே கட்டளையில் இணைத்து 'முழுமையான பாடம்' சமைப்போம் என்று அன்பர் சிலர் புறப்பட்டிருக்கின்றனர். கூடாது என்கிறோம் நாம். கருவூரது நான்காம் ஆட்சியாண்டு; இங்குள்ளது ஐந்தாம் ஆண்டு, பின்னை நிகழ்ந்த போர்களும் ஏறியது. கலந்துவிட்டால் அது எந்த ஆண்டின் சாசனம்?

லினக்ஸின் 'டிஃப்' கட்டளையே போதும். ஆனால் அது வரிவரியாக ஒப்பிடும்; கல்வெட்டு வரியோ சுவரின் அகலத்தில் முறிவது. சீருக்கொரு வரியாக உடைக்காவிடின் அனைத்தும் வேறென்றே காட்டும். யூனிகோடில் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் இடலாம், இரண்டாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. (பழி மட்டும் கல்தச்சன் மேல்!) அதை முதலில் ஒருசீராக்குக. எஞ்சும் பேதங்களை அடிக்குறிப்பில் இடுக, உ.வே.சா. இட்டதுபோல.