எட்டுக்கு அப்பால் தொடங்கும் சாலை

இயந்திர விசையால் இயங்கும் வண்டிகள் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம், மத்திய அரசும் மாநில அரசும் ஒருசேரக் கையாளக்கூடிய பொதுப்பட்டியலில் 35ஆம் இனமாக இருக்க, வண்டிகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமாகத் தனித்து நிற்கிறது. இந்தப் பங்கீட்டின் விளைவாக, சென்னையின் புறநகரான வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குள் வண்டியை இறக்கும் ஒருவர் எந்த வயதில் உரிமம் பெறலாம் என்பதை நாடாளுமன்றத்தின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முடிவு செய்கிறது. அவர் கட்டும் வாழ்நாள் வரியைத் தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டு வரிவிதிப்புச் சட்டம் முடிவு செய்கிறது. விதி மீறினால் சாலையோரத்தில் அவர் செலுத்த வேண்டிய தொகையைக் கோட்டையிலிருந்து வெளியாகும் அரசாணை முடிவு செய்கிறது. அவருக்கு உண்மையிலேயே ஓட்டத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் மாநிலத்தின் அலுவலர்களிடமே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் வரியும் அபராதமும் பெரிய அளவில் மாறிவிட்டன. இந்தக் கடைசிப் பொறுப்பு மட்டும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தயங்கி நின்றன. தயங்குவதற்குச் சட்டமே இடம் தந்தது. 200ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சில குற்றங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லாமல் அந்த இடத்திலேயே பணம் செலுத்தி முடித்துக்கொள்ளலாம் என்பதோடு, அதற்கான இணக்கக் கட்டணம் எவ்வளவு என்பதை மாநில அரசே அறிவிக்கலாம். தமிழ்நாட்டின் அறிவிப்பு மூன்றாண்டு கழித்து, 2022 அக்டோபரில் வந்தது. தலைக்கவசம் இல்லாமல் ஓட்டுவதற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று. உரிமமின்றி ஓட்டினால் 5,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. குடித்துவிட்டு ஓட்டுவது இந்த இணக்க ஏற்பாட்டுக்குள் வராது, நீதிமன்றத்தில்தான் முடியும். அடுத்த ஆண்டு நவம்பரில் வரிச் சட்டமும் திருத்தப்பட்டு, 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு வரை உயர்ந்தது.

இந்த உயர்வுகளை வெறும் வருவாய்ப் பசி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நிகழ்ந்து 17,884 உயிர்கள் போயின. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் இந்த மாநிலத்துக்குத்தான். நாடு முழுவதும் அவ்வாண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில், நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நூறு ரூபாய் அபராதத்துக்கு அஞ்சாத ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சித் தலைக்கவசம் அணிந்தால் அது நன்மையே. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய், கட்டட வேலைக்கு மொபெட்டில் போகிறவருக்கு ஒரு நாள் கூலியையே விழுங்கிவிடும். பெரிய கார் வைத்திருப்பவருக்கு அதே தொகை ஒரு பொருட்டே இல்லை. சட்டம் இதை அறியாமல் இல்லை. தலைக்கவசம் அணியாதவருக்கு அபராதத்தோடு மூன்று மாத காலம் உரிமம் வைத்திருக்கும் தகுதியும் போகும் என்று 194டி பிரிவு சொல்கிறது. இந்தத் தண்டனை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஏறத்தாழ ஒரே கனத்தில் விழக்கூடியது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை என்ற தடையும் 199ஏ பிரிவில் உள்ளன. பணத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். உரிமம் பறிபோகும் என்ற பேச்சு டீக்கடையில்கூடக் கேட்பதில்லை. உரிமம் எளிதில் கைக்கு வந்த பொருளாக இருப்பதே இதற்குக் காரணம் என்று கருத இடமிருக்கிறது.

உரிமம் கைக்கு வரும் வழியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மக்கள் ‘எல்எல்ஆர்’ என்று சொல்லும் பழகுநர் உரிமத்துக்குச் சாலைக் குறியீடுகளையும் ஓட்டுநரின் கடமைகளையும் பற்றிய கேள்விகளில் நூற்றுக்கு 60 பெற வேண்டும். அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அந்தத் தேர்வு தமிழ்நாட்டில் ‘எட்டுப் போடுவது’ என்ற பெயரிலேயே வழங்குகிறது. தரையில் வரைந்த எட்டு வடிவத்தில், காலை ஊன்றாமல், வேகம் கூட்டாமல், இருசக்கர வண்டியைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கார் என்றால் கம்புகளுக்கிடையே ‘எச்’ வடிவத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. எட்டுப் போடுவது வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் திறனைக் காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மைதானத்தில் எதிரே வண்டி வருவதில்லை, குறுக்கே ஆள் நடப்பதில்லை, பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிப்பதில்லை.

வேலப்பன்சாவடியில் இவை மூன்றும் ஒரே நேரத்தில் நிகழும். மதுரவாயலில் சென்னை பைபாஸைத் தாண்டி பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விரையும் சரக்கு லாரிகள், கல்லூரி விட்டதும் சாலைக்கு வரும் மாணவர்களின் ஸ்கூட்டர்கள், திருவேற்காட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோக்கள், பேருந்துக்காக ஓரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் அந்தத் தார்ப்பரப்பையே பங்குபோட்டுக்கொள்கிறார்கள். சாலை நடுத் தடுப்பில் அடுத்த திருப்பம் தொலைவில் இருந்தால், ஓரமாகவே எதிர்த்திசையில் போய்விடலாம் என்ற முடிவை ஒருவர் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறார். 2019 திருத்தம் இதை ஆபத்தான ஓட்டுதல் என்று 184ஆம் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்த நொடியில் கண்ணாடியைப் பார்ப்பதும், எதிரே வருபவரின் வேகத்தைக் கணிப்பதும், காத்திருக்கத் தெரிவதும் எட்டு வடிவத்துக்குள் கற்றுத்தர முடியாதவை.

விதி இவற்றை மறந்துவிடவும் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆம் விதி, தேர்வில் பார்க்க வேண்டியவற்றை நீளமாகப் பட்டியலிடுகிறது: பாதுகாப்பாக முந்துவது, முந்த வருபவருக்கு இடம் கொடுப்பது, சைகை காட்டித் தடம் மாறுவது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்புவது, திரும்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பது, சிக்னலும் காவலரும் இல்லாத இடத்தில் சாலையைக் கடப்பவருக்கு முன்னுரிமை தருவது. ஒரு தலைமுறைக்கும் மேலாக அச்சில் இருக்கும் இந்தப் பட்டியல், மைதானத்துக்கு வரும்போது ஓர் எட்டாகவும் ஓர் ‘எச்’ ஆகவும் சுருங்கிவிடுகிறது.

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு இந்தச் சுருக்கத்தின் ஆபத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டியைச் சட்டம் இலகுரக மோட்டார் வாகனம் என்கிறது. அதற்கான உரிமம் பெற்றவர், அதே எடைக்குட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. உரிம வகையைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்துவந்த நிலையில், ‘குட்டியானை’ என்னும் சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது நியாயமான ஆறுதல். ஆயினும் ஒரு சிறிய காரில் ‘எச்’ போட்டுத் தேறியவர் மறுநாளே பாரம் ஏற்றிய மினி லாரியைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செலுத்த முடியும் என்ற நிலையில், நுழைவுத் தேர்வின் கண்டிப்பு பன்மடங்கு கூடியிருக்க வேண்டும்.

தேர்வைக் கடினமாக்குவது எளிதன்று என்பதற்குப் பக்கத்து மாநிலமே சான்று. 2024இல் கேரள அரசு ‘எச்’ வடிவத்தைக் கைவிட்டு, இரு வண்டிகளுக்கிடையே நிறுத்துவது, மேட்டில் கிளப்புவது போன்றவற்றைக் கட்டாயமாக்க முனைந்தபோது ஓட்டுநர் பள்ளிகள் தேர்வுகளையே புறக்கணித்தன. சீர்திருத்தம் போராட்டத்திலும் வழக்கிலும் சிக்கியது. மறுபுறம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் முழுப் பயிற்சி முடித்தவருக்கு அலுவலகத் தேர்விலிருந்து விலக்குத் தரும் ஏற்பாட்டை மத்திய அரசு 2021 ஜூலை முதல் கொண்டுவந்தது. அம்மையங்களில் சாலைப் பயிற்சி மெய்யாக நடக்கிறதா என்று கண்காணிக்காவிட்டால், இருக்கிற ஒரே வாசற்காவலும் போய்விடும்.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, எட்டுப் போட்டு முடித்தவரை மைதானத்தின் வாயிலுக்கு வெளியே, நெரிசல் உள்ள சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டச் சொல்லிப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று முறை தவறியவர் 60 நாள் காத்திருந்து, சீர்செய் பயிற்சி முடித்தே மீண்டும் வர வேண்டும் என்ற 9ஆம் பிரிவின் ஏற்பாடும் அப்போதுதான் பயன்படத் தொடங்கும். உயர்த்திய அபராதத்திலிருந்து வரும் தொகையில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி, பூந்தமல்லி, அம்பத்தூர் போன்ற புறநகர் அலுவலகங்களிலிருந்தே அரசு இதைத் தொடங்கலாம்.